பான்ஜோவிலிருந்து மெலோட்ரான் வரை: ஸ்ட்ராப்ஸ் மாறிய கதை

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஸ்ட்ராப்ஸ் என்ற ஆங்கிலேயக் குழு 1967இல் பாடகி சாண்டி டென்னியோடு சேர்ந்து பதிவு செய்த பாட்டுகளைக் கேட்டிருக்கிறீர்கள். கிட்டார், பான்ஜோ, டபுள் பேஸ், அதன்மேல் இதமான குரல்கள். பிறகு அதே பெயரில் 1974இல் வந்த 'ஹீரோ அண்ட் ஹீரோயின்' ஆல்பத்தைப் போட்டால் மெலோட்ரான் என்ற கீபோர்டு வாத்தியமும் சிந்தசைசரும் டிரம்ஸும் ஒன்றாக எழுந்து வருகின்றன. இரண்டும் ஒரே குழுதானா, இந்த ஏழு வருடத்தில் என்ன நடந்தது, கீபோர்டு வாசிக்கும் ரிக் வேக்மன் வந்து மாற்றினாரா, ரெக்கார்டு கம்பெனி காசுக்காக மாற்றச் சொன்னதா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: நல்ல ஃபோக் (நாட்டுப்புற இசை) குழு ஒன்று தன் இயல்பை விட்டுக்கொடுத்துவிட்டதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேக்மன் வேகத்தைக் கூட்டினார், திசையை அவர் தரவில்லை. அந்தத் திசை, குழுவைத் தொடங்கிய டேவ் கசின்ஸ் கையில் வைத்திருந்த வாத்தியங்களிலும், அவர் பாட்டில் கதை சொன்ன விதத்திலும் முன்பே இருந்தது. நான் பல வருடங்களாகக் கிட்டார் வாசித்து, சொல்லிக்கொடுத்து வருபவன். இந்தப் பாட்டுகளை நரம்பு நரம்பாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே நான் தரும் வருடங்கள், யார் எப்போது சேர்ந்தார் விலகினார் என்பவை எல்லாம் பதிவில் உள்ளவை. 'ஏன் மாறியது' என்று சொல்லுமிடம் என் காதும் விரலும் சொல்வது. அதை நீங்கள் மறுக்கலாம்.

தொடக்கம் 1964. கசின்ஸும் டோனி ஹூப்பரும் லண்டனின் மேற்குப் பக்கம் ட்விக்கன்ஹாம் அருகே ஸ்ட்ராபெர்ரி ஹில் என்ற பகுதியின் பெயரை வைத்து 'ஸ்ட்ராபெர்ரி ஹில் பாய்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். வாசித்தது ப்ளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமிய இசை. ஆங்கிலக் கிராமத்துப் பாட்டோடு அப்போது அவர்களுக்கு நெருக்கம் குறைவு. இது முக்கியம். இவர்கள் ஒரு மரபைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் கிடையாது, வாத்தியத்தின் சத்தத்துக்கு மயங்கி வந்தவர்கள். 1967இல் பெயர் 'ஸ்ட்ராப்ஸ்' என்று சுருங்கியது. அந்த வருடமே சாண்டி டென்னி பாட வந்தார். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு ஆல்பம் பதிவானது. ஆனால் அது 'ஆல் அவர் ஓன் வொர்க்' என்ற பெயரில் வெளியே வந்தது 1973இல்தான். அதற்குள் சாண்டி 1968இலேயே ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவுக்குப் போய்ப் பெரிய பெயர் வாங்கிவிட்டார். நீங்கள் இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டபோது வந்த அதிர்ச்சிக்கு இந்தக் கால இடைவெளியும் ஒரு காரணம். நடுவில் உள்ள படிகளை நீங்கள் கேட்கவில்லை.

அந்தப் படிகளுக்குப் போவதற்கு முன் கசின்ஸின் வாத்தியங்களைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுக்க அதில்தான் நிற்கிறது. ஐந்து நரம்பு பான்ஜோவில் ஐந்தாவது நரம்பு மட்டும் குட்டையானது, தண்டின் நுனிக்குச் சற்றுக் கீழிருந்து தொடங்கும். அதைப் பெரும்பாலும் விரல் வைத்து அழுத்துவதில்லை. கட்டை விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரே ஸ்வரம் பாட்டு முழுக்க ஒலிக்கும். டல்சிமர் என்பது மடியில் வைத்து வாசிக்கும் அமெரிக்க மலைப்பகுதி வாத்தியம். அதில் மெட்டு ஒரு நரம்பில் ஓடும், மற்றவை நிலையாக ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது அவருடைய கிட்டார். வழக்கமான ட்யூனிங்கை விட்டு, நரம்புகளைத் தளர்த்தி முறுக்கி, எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு முழுக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வருகிற ஓப்பன் ட்யூனிங்குகளில் அவர் நிறைய எழுதினார். மூன்று வாத்தியமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: அடியில் ஒரு சுருதி நிற்கிறது, மெட்டு அதன்மேல் நகர்கிறது. தம்புரா கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, இதில் என்ன பிரச்சினை? மீட்டிய நரம்பின் ஒலி சில நொடியில் தேய்ந்துவிடும். சுருதியை நிற்கவைக்க வேண்டுமானால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு மூன்று நிமிடமாக இருக்கும்வரை அது அழகு. பத்து நிமிடத்துக்குக் கதை சொல்ல ஆரம்பித்தால் காது களைத்துவிடும். அங்கே தேயாமல் நிற்கிற ஓர் ஒலி தேவைப்படுகிறது. செல்லோ, ஆர்கன், மெலோட்ரான் என்று இந்தக் குழு வரிசையாகச் சேர்த்துக்கொண்ட வாத்தியங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் அந்த ஒரே இடத்தைத்தான் நிரப்புகிறது. ஓப்பன் ட்யூனிங்கில் எழுதிய பாட்டுக்குக் கார்டுகள் அடிக்கடி மாறாது என்பதால், அதன்மேல் அகலமான கீபோர்டு ஒலியை விரிப்பதும் சுலபம். கார்டு நொடிக்கொன்றாக மாறும் ஜாஸ் பாட்டில் மெலோட்ரானைப் போட்டால் குழப்படிதான் மிஞ்சும்.

இப்போது படிகள். அமெரிக்காவின் ஏ அண்ட் எம் நிறுவனம் ஒப்பந்தம் செய்த முதல் பிரிட்டிஷ் குழு ஸ்ட்ராப்ஸ். முதல் ஆல்பம் 1969இல் வந்தது. தயாரிப்பு கஸ் டட்ஜன், வாத்திய ஏற்பாடு டோனி விஸ்கோன்டி. அதில் 'த பேட்டில்' என்று ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் போர்க்கதைப் பாட்டு ஒன்று இருக்கிறது. காதல் பாட்டு எழுதும் ஆளுக்கு ஆறு நிமிடம் தேவையில்லை. கசின்ஸ் பழைய பாலட் முறையில் கதையை முதலிலிருந்து கடைசிவரை, சம்பவம் சம்பவமாகச் சொன்னவர். பாலட் என்பதே ஃபோக்கின் நீண்ட வடிவம்தானே. ப்ராக் ராக் என்ற, நீண்ட பகுதிகளாக வளரும் ராக் இசையின் நீளம் மேற்கத்திய செவ்வியல் இசையிலிருந்து மட்டும்தான் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். இந்தக் குழுவைப் பொறுத்தவரை அது பாலட்டிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

1970இல் வந்த 'டிராகன்ஃபிளை' அதைவிடத் தெளிவான சாட்சி. கோபன்ஹேகனில் பதிவானது. குழுவில் கசின்ஸ், ஹூப்பர், டபுள் பேஸ் வாசித்த ரான் செஸ்டர்மன், செல்லோ வாசித்த கிளேர் டெனிஸ் என்று நான்கு பேர். நிரந்தர டிரம்ஸ்காரர் கிடையாது. ஆனாலும் அதில் 'த விஷன் ஆஃப் த லேடி ஆஃப் த லேக்' என்ற பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. அந்த ஒரு பாட்டில் பியானோ வாசிக்கக் கூலிக்கு வந்தவர்தான் ரிக் வேக்மன். கவனியுங்கள்: அவர் வந்து உட்காரும்போதே பத்து நிமிடப் பாட்டு எழுதி முடிந்து காத்துக்கொண்டிருந்தது. 'வேக்மன்தான் மாற்றினார்' என்ற வாதம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

வேக்மன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்து, முடிக்காமல் வெளியே வந்து, ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வாசித்துக்கொண்டிருந்த இளைஞர். டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யில் கேட்கும் மெலோட்ரான் அவருடையது. அதைத் தயாரித்தவரும் இதே கஸ் டட்ஜன். லண்டனின் ஸ்டூடியோ உலகம் அவ்வளவு சின்னது. 1970இல் அவர் ஸ்ட்ராப்ஸில் முழு உறுப்பினர் ஆனார். அவரோடு சேர்த்துப் பேச வேண்டிய, ஆனால் எல்லாரும் மறந்துவிடுகிற இரண்டு பேர் அதே நேரத்தில் வந்தார்கள்: டிரம்ஸ் வாசித்த ரிச்சர்ட் ஹட்சன், பேஸ் கிட்டார் வாசித்த ஜான் ஃபோர்ட். இருவரும் வெல்வெட் ஆப்பரா குழுவிலிருந்து வந்தவர்கள். என்னைக் கேட்டால் உண்மையான திருப்பம் இவர்கள்தான். டபுள் பேஸும் செல்லோவும் போய், எலக்ட்ரிக் பேஸும் டிரம்ஸும் வந்தபோது குழுவின் அடிப்பகுதியே வேறாகிவிட்டது. கீபோர்டு எவ்வளவு வந்தாலும் அடியில் டிரம்ஸ் இல்லாவிட்டால் அது ஃபோக்காகவே நின்றிருக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 'வேர் இஸ் திஸ் ட்ரீம் ஆஃப் யுவர் யூத்' என்ற பாட்டு முதல் ஆல்பத்தில் மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் ஒரு சுறுசுறுப்பான பாட்டு. அதையே 1970 ஜூலை 11 அன்று லண்டன் குயீன் எலிசபெத் ஹாலில் நடந்த கச்சேரியில் வாசித்தார்கள். அந்தக் கச்சேரி 'ஜஸ்ட் எ கலெக்ஷன் ஆஃப் ஆன்டீக்ஸ் அண்ட் க்யூரியோஸ்' என்ற ஆல்பமாக வந்தது. அங்கே அந்தப் பாட்டு ஒன்பது நிமிடம். வார்த்தையும் மெட்டும் அதேதான். நடுவில் கதவைத் திறந்ததுபோல் வேக்மனின் ஆர்கன் புறப்படுகிறது. ஹட்சனும் ஃபோர்டும் கீழே ஒரே ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ள, ஆர்கன் தேவாலயத்துக்குள்ளும் நடனக் கொட்டகைக்குள்ளும் மாறிமாறிப் போய்வருகிறது. பிறகு குரல் திரும்பி வரும்போது பாட்டு அப்படியே இருக்கிறது, சேதாரமில்லை. கசின்ஸின் கார்டுகள் குறைவாக இருந்ததால்தான் அத்தனை நீளத்துக்கு ஆர்கன் அங்கே நடமாட முடிந்தது. இந்தக் கச்சேரிக்குப் பிறகு மெலடி மேக்கர் பத்திரிகை வேக்மனை நாளைய சூப்பர்ஸ்டார் என்று எழுதியது. அதே மேடையில் 'தி ஆன்டீக் சூட்' என்று நான்கு பாட்டுகளை ஒன்றாகக் கோத்த பன்னிரண்டு நிமிடப் படைப்பும் இருந்தது. ஹட்சன் சிதார் வாசித்த 'ஃபிங்கர்டிப்ஸ்' என்ற பாட்டும் உண்டு. சிதாரும் அடியில் சுருதி ஓடும் வாத்தியம் என்பதை நினைவில் வையுங்கள்.

இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. கசின்ஸ் ஹவுன்ஸ்லோவில் ஃபோக் கிளப் நடத்தியவர். கிளப் என்றால் பெரும்பாலும் மதுக்கடையின் மேல்மாடி அறை, மைக் இல்லாத பாட்டு, கூடச் சேர்ந்து பாடும் கூட்டம். அங்கே பன்னிரண்டு நிமிடம் கீபோர்டு வாசிக்க முடியாது, வாசிக்க நல்ல பியானோவும் இருக்காது. இருக்கையில் அமர்ந்து அமைதியாகக் கேட்கும் ஹாலும், ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடும் எல்பி தட்டும் வந்த பிறகுதான் நீண்ட பாட்டுக்கு இடம் கிடைத்தது. அறுபதுகளின் கடைசியில் பிரிட்டனில் எல்பிதான் இசையின் முதன்மை வடிவமாக எழுந்தது. ஸ்ட்ராப்ஸ் மட்டுமல்ல, அந்தத் தலைமுறை முழுவதும் அந்த நீளத்தைப் பயன்படுத்திக்கொண்டது.

அடுத்தது 1971இன் 'ஃப்ரம் த விட்ச்வுட்'. அதில் 'த ஹேங்மன் அண்ட் த பேபிஸ்ட்' என்ற பாட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மதச் சண்டைக் காலத்து இங்கிலாந்து. கத்தோலிக்கன் என்பதற்காக ஒருவனைத் தூக்கிலிடப் போகிறார்கள். தூக்குப் போடுபவன் அருகில் போய்ப் பார்த்தால், நிற்பது அவனுடைய சொந்தச் சகோதரன். சுத்தமான பாலட் கதை, கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டே பாடிவிடலாம். ஆனால் ஆர்கன் அந்தக் கூட்டத்தின் இரைச்சலாகவும், மேடையேறும் நடையாகவும், கடைசியில் தீர்ப்பாகவும் மாறுகிறது. கசின்ஸ் முதலில் கதையைச் செய்தி சொல்வதுபோல் அடக்கிச் சொல்கிறார், முடிவில் குரல் கிழிகிறது. எனக்கு இந்தக் குழுவின் உச்சங்களில் இதுவும் ஒன்று. இதே பாட்டை பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் செய்தபோது வேக்மன் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் ரோலரைக் கீபோர்டின்மேல் உருட்டி வாசித்தார். அந்தக் கதைக்கு நடுவே அப்படி ஒரு விளையாட்டு. குழுவுக்குள் இரண்டு மனநிலை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வருடமே வேக்மன் யெஸ் என்ற ப்ராக் குழுவுக்குப் போய்விட்டார்.

வேக்மன்தான் காரணம் என்றால் அவர் போன பிறகு குழு பின்னுக்குத் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. ஏமன் கார்னர் குழுவில் இருந்த ப்ளூ வீவர் கீபோர்டுக்கு வந்தார். 1972இல் 'கிரேவ் நியூ வேர்ல்ட்' வெளியானது. வில்லியம் பிளேக் வரைந்த, இரு கையையும் விரித்து நிற்கும் மனிதனின் படம்தான் அட்டையில். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம்வரை போனது. ஒரு மனிதனின் வாழ்க்கைப் பயணம்போல் பாட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் பாட்டு 'பெனிடிக்டஸ்'. அதில் எலக்ட்ரிக் கிட்டார் என்று பலர் நினைக்கும் கரகரப்பான ஒலி, எலக்ட்ரிக் டல்சிமரைத் திரித்து எடுத்தது. ஃபோக் கிளப்பில் மடியில் வைத்து வாசித்த அதே வாத்தியத்துக்கு மின்சாரம் கொடுத்து, ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) போட்டு, பின்னால் கூட்டுக்குரலை நிறுத்தியிருக்கிறார்கள். இந்தக் குழு எப்படி மாறியது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். வாத்தியத்தைத் தூக்கி எறியவில்லை, அதையே பெரிதாக்கினார்கள். அதே ஆல்பத்தில் 'நியூ வேர்ல்ட்' என்ற பாட்டில் மெலோட்ரான் முழு பலத்தோடு வருகிறது. வட அயர்லாந்தின் ரத்தக்களறி பற்றிய கோபம் அது. அப்போதைய செய்தியைப் பாட்டாக்குவதும் பழைய பாலட்காரர் வேலைதான்.

மெலோட்ரான் என்றேன், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் இவர்களுக்குப் பொருந்தியது என்பதும் புரியும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு. அதில் உண்மையான வயலின்களோ புல்லாங்குழலோ கூட்டுக்குரலோ முன்பே பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், ஏறக்குறைய எட்டு நொடியில் முடிந்துவிடும், விட்டால் ஸ்ப்ரிங் அதைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். ஆகவே அதில் வேகமாக வாசிப்பது கடினம், எட்டு நொடிக்குள் கார்டை மாற்றியாக வேண்டும். மெதுவாக நகரும் பெரிய கார்டுகளுக்கு என்றே செய்ததுபோன்ற கருவி. நாடா சற்றுத் தள்ளாடுவதால் சுருதியில் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும். எனக்கு அந்த நடுக்கம் வயதான ஒரு பாடகரின் குரலைக் கேட்பதுபோலவே இருக்கிறது. மின்சாரக் கருவிகளில் ஃபோக்குக்கு இதைவிட இணக்கமான ஒன்றை நான் கேட்டதில்லை.

'கிரேவ் நியூ வேர்ல்ட்'டுக்குப் பிறகு டோனி ஹூப்பர் விலகினார். தொடக்கத்திலிருந்து இருந்தவர், மென்மையான இரண்டாம் குரல். அவர் இடத்துக்கு ஃபயர் குழுவின் டேவ் லேம்பர்ட் எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்தார். ஃபோக்கை விட்டு எப்போது போனார்கள் என்று தேதி கேட்டால், வேக்மன் வந்த நாளைவிட ஹூப்பர் போன நாளைத்தான் சொல்வேன். ஒலி உடனே கனத்தது. 1973இன் 'பர்ஸ்டிங் அட் த சீம்ஸ்' ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடம். அதில் உள்ள 'பார்ட் ஆஃப் த யூனியன்' என்ற பாட்டும் 2ஆம் இடம். தொழிற்சங்கத்தைப் பற்றிய அந்தச் சேர்ந்திசைப் பாட்டை எழுதியது ஹட்சனும் ஃபோர்டும். இன்றும் பிரிட்டனில் பலருக்கு ஸ்ட்ராப்ஸ் என்றால் அந்த ஒரு பாட்டுதான்.

கம்பெனி பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. காசுதான் திசையைத் தீர்மானித்திருந்தால் 1973க்குப் பிறகு 'யூனியன்' மாதிரிப் பாட்டுகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். நடந்ததோ குழு உடைந்தது. ஹட்சனும் ஃபோர்டும் பிரிந்து போய்த் தனியாக அந்தப் பாதையில் வெற்றி கண்டார்கள். கசின்ஸும் லேம்பர்ட்டும் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, தங்கள் வாழ்க்கையிலேயே மிகக் கனமான, ரேடியோவுக்கு ஒத்துவராத ஆல்பத்தைச் செய்தார்கள். அதுதான் நீங்கள் கேட்ட 'ஹீரோ அண்ட் ஹீரோயின்'. முன்பு ரினெய்சான்ஸ் குழுவில் இருந்த ஜான் ஹாக்கன் கீபோர்டுக்கு வந்தார், சாஸ் க்ராங்க் பேஸ், ராட் கூம்ஸ் டிரம்ஸ். அது பிரிட்டனைவிட வட அமெரிக்காவில் நன்றாகப் போனது என்பது உண்மை. அங்கே தொடர்ந்து சுற்றுப்பயணம் போனது அடுத்தடுத்த ஆல்பங்களின் ஒலியைப் பாதித்திருக்கும் என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பெனி கையைப் பிடித்துத் திருப்பியது என்பதற்கு அந்த ஆல்பத்தில் ஒரு தடயமும் எனக்குக் கேட்கவில்லை.

அந்த ஆல்பத்தின் 'ஆட்டம்' (Autumn, இலையுதிர் காலம்) என்ற மூன்று பகுதிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள், எட்டு நிமிடம். ஹாக்கனின் கீபோர்டு முன்னுரை, கசின்ஸின் குரலில் நடுப்பகுதி, பிறகு லேம்பர்ட் பாடும் எளிய காதல் வேண்டுதல். அந்தக் கடைசிப் பகுதியின் மெட்டைத் தனியாக எடுத்து ஒரு கிட்டாரில் வாசித்தால் எந்த ஃபோக் கிளப்பிலும் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரே வரி, அதன் கீழே மெலோட்ரான் மெல்ல உயர்கிறது, மெட்டு மாறவே இல்லை. யெஸ், ஜென்டில் ஜயன்ட் மாதிரிக் குழுக்களின் தாளக் கணக்கை இவர்களிடம் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் நாலும் மூணும்தான். அதனால் சில ரசிகர்கள் இவர்களை ப்ராக் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. அது கறாரான வரையறை, அதற்கும் நியாயம் உண்டு. நான் சேர்க்கிறேன். கணக்கில் சிக்கல் இல்லாவிட்டாலும் பாட்டுக்குள் நாடகம் இருக்கிறது, பகுதி பகுதியாக வளர்கிறது, ஆல்பம் முழுதும் ஒரே நூலில் கோத்திருக்கிறது. எனக்கு அது போதும்.

இதே வழியில் எல்லாக் குழுக்களும் போகவில்லை. சாண்டி டென்னி சேர்ந்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் முதலில் அமெரிக்க பாணி ராக் வாசித்துவிட்டு, 1969இன் 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தில் ஆங்கில மரபுப் பாட்டுக்குள் போனது, ஸ்ட்ராப்ஸுக்கு எதிர்த்திசை. ஸ்டீலை ஸ்பான் மரபுப் பாட்டுகளை எலக்ட்ரிக் கிட்டாரில் வாசித்து அங்கேயே நின்றது. ஏற்கெனவே இருக்கும் பாட்டை எடுத்துப் பாடுபவர்களுக்கு அந்தப் பாட்டின் வடிவமே ஓர் எல்லை. சொந்தமாக எழுதுபவர்களுக்கு அந்த எல்லை இல்லை. ஸ்ட்ராப்ஸ் ப்ராக் பக்கம் போனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. முழு விதி என்று சொல்ல மாட்டேன், ஃபேர்போர்ட்டே 'எ செய்லர்ஸ் லைஃப்' என்ற பழைய பாட்டைப் பதினோரு நிமிடத்துக்கு விரித்திருக்கிறது. இன்னொரு பக்கம் கிரைஃபன் குழு இருக்கிறது. ராயல் காலேஜில் படித்த ரிச்சர்ட் ஹார்வியும் பிரையன் கல்லண்டும் தொடங்கியது. 1973இல் ரெக்கார்டர் என்ற குழல், க்ரம்ஹார்ன் மாதிரி இடைக்கால வாத்தியங்களோடு பழைய பாட்டும் நடனமும் வாசித்தவர்கள், 1974இல் 'ரெட் க்வீன் டு கிரைஃபன் த்ரீ' என்று நான்கே நான்கு நீண்ட வாத்தியப் படைப்புகளோடு வந்தார்கள். ஸ்ட்ராப்ஸ் ஆறேழு வருடத்தில் கடந்த தூரம் அவர்களுக்கு ஒரே வருடம். ஆனால் அந்த ஆல்பத்தில் அவர்கள் குரலையே விட்டுவிட்டார்கள், ஸ்ட்ராப்ஸ் கடைசிவரை விடவில்லை.

1975இல் வந்த 'கோஸ்ட்ஸ்' வரை அந்த ஒலி நீடித்தது. பிறகு ஹாக்கன் விலக, கீபோர்டு மெலிந்து, பாட்டுகள் குறுகி, எழுபதுகளின் கடைசியில் குழு தளர்ந்தது. 1980இல் கசின்ஸ் வானொலி நிலைய வேலைக்குப் போனார். அந்தக் கட்டத்தில் நீண்டு பேச எனக்கு விருப்பமில்லை, நல்ல பாட்டுகள் அங்கங்கே உண்டு, அவ்வளவுதான்.

உங்கள் உள்கேள்விக்கு, அதாவது ஃபோக்கை விட்டுக்கொடுத்தார்களா என்பதற்கு, எனக்குக் கிடைத்த மிக நல்ல சாட்சி 2000த்துக்குப் பிறகு வந்தது. கசின்ஸ், லேம்பர்ட், பிரையன் வில்லபி மூவரும் 'அகூஸ்டிக் ஸ்ட்ராப்ஸ்' என்ற பெயரில், டிரம்ஸ் இல்லாமல், கிட்டார்களை மட்டும் நம்பி எழுபதுகளின் அந்தப் பெரிய பாட்டுகளையே வாசிக்க ஆரம்பித்தார்கள். பாட்டுகள் நின்றன. மெலோட்ரான் இருந்த இடத்தில் திறந்த நரம்புகள் ஒலித்தன, கதை அப்படியே நகர்ந்தது. வெளி அலங்காரத்தில் மட்டும் பெரிதான பாட்டாக இருந்தால் இப்படிக் கழற்றும்போது உதிர்ந்திருக்கும்.

நடுப்படிகளைக் கேட்க விரும்பினால் ஆல்பம் ஆல்பமாகப் போக வேண்டாம். முதலில் 'வேர் இஸ் திஸ் ட்ரீம்' பாட்டின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அப்புறம் 'ஹேங்மன்', அதற்குப் பிறகு 'பெனிடிக்டஸ்', கடைசியில் 'ஆட்டம்'. கையில் கிட்டார் இருந்தால் நரம்புகளைத் தடித்ததிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று வைத்துக்கொண்டு, தடித்த நரம்பைக் கட்டை விரலால் விடாமல் தட்டியபடி மேல் நரம்புகளில் ஏதாவது ஒரு மெட்டைத் தேடுங்கள். கசின்ஸ் பயன்படுத்திய ட்யூனிங்குகள் பல, இது அந்தக் குடும்பத்தில் எளிதானது. வாசித்துக்கொண்டே பின்னால் ஒரு ஆர்கன் கார்டை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன வாதம் சரியா தவறா என்று உங்கள் காதே சொல்லிவிடும்.